லாட் நான்கில் கேட்ட நுண்ணொலி

தொம்மைக்குக் காது இரண்டு ஜோடி. ஒரு ஜோடி ஆபீசுக்கு, இன்னொரு ஜோடி வீட்டுக்கு.

ஆபீஸ் என்றால் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஏலம் போகும் விற்பனைக்கூடம். அங்கே அவருக்குத் தரம் பார்க்கும் உத்தியோகம். சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், காதோரம் வைத்து இரண்டு குலுக்கு குலுக்குவார், "ஏழு" என்பார். ஈரப்பத மீட்டரில் போட்டால் ஏழு புள்ளி ஒன்று காட்டும். அந்தப் புள்ளி ஒன்று மீட்டரின் கோளாறு என்று கூடத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டு பத்து வருஷம் ஆகிறது. பொக்குக் காய், வண்டு வைத்த காய், ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய காய் எல்லாம் அவர் காதில் தனித்தனியாக ஆஜர் கொடுத்துவிடும்.

இந்தக் காதை அவர் பெரிதாக மதித்ததில்லை. மாதச் சம்பளத்துக்கு உழைக்கிற காதுக்கு என்ன மரியாதை? சாயங்காலம் பாசஞ்சரில் ஏறி, மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று விழுப்புரத்தில் இறங்கி, கிழக்குப் பாண்டி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு வந்து, கால் கழுவி, பின்னறைக் கதவைத் திறக்கும்போதுதான் அவருடைய உயர்ந்த காது திறக்கும். அது கலைக் காது. அதற்குத் தீனியும் உயர்ந்தது.

மகள் நர்சிங் படிக்க வேலூர் போன அன்றே அந்த அறையிலிருந்து கட்டில் வெளியேறியது. மறுநாள் ஸ்பீக்கர்கள் குடியேறின. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலுக்குக் கம்பளி போட்டு, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. கம்ப்யூட்டரில் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தரும் 'டேக்' என்ற சின்னப் பெட்டியை நண்பர் சர்புதீன் துபாயிலிருந்து பனியனுக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். விழுப்புரம் வட்டாரத்தில் அந்தப் பெட்டியைத் தொட்டவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். விழுப்புரம் மாவட்ட உயர்துல்லிய ஒலி மன்றம். ஐந்து பேருக்கு மாவட்டம் கொஞ்சம் பெரிசுதான். தலைவர் மாநிலம் என்று வைக்கச் சொன்னார், மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள்.

தலைவர் கிருஷ்ணசாமி. தொழில், டைல்சும் வாஷ்பேசினும் விற்பது. கடையில் அவர் பேசினால் இரண்டுக்கு நாலு, வழுக்காதது, பத்து வருஷ காரன்டி என்று பேசுவார். மன்றத்தில் பேசினால் வேறு ஆள். "வீணைக்கும் மிருதங்கத்துக்கும் நடுவுல ஒரு காத்து ஓடுது பாருங்க," என்று கண்ணை மூடுவார். "எம்பி3-ல அந்தக் காத்து வராது. அது செத்த ஒலி."

மன்றத்தின் வேலை ஒரே பாட்டைப் பல வடிவத்தில் போட்டு ஒப்பிடுவது. செல்போனில் பத்து எம்பி இருக்கும் எம்பி3 பாட்டு, இருபத்து நாலு பிட், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்துல்லியத்தில் இருநூறு எம்பி இருக்கும். கூடுதலாக இருக்கும் நூற்றுத் தொண்ணூறு எம்பிக்குள் என்ன இருக்கிறது? இரண்டு வருஷமாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்டெடுத்தவற்றைச் செயலாளர் தொம்மை தன் கைப்பட மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவந்தார்.

ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் அதிரும் என்பதால் இரும்புக் குழாயில் ஸ்டாண்டு அடித்திருந்தார்கள். குழாய் உள்ளே காலி. வெளிநாட்டில் அதற்குள் மணல் நிரப்புவார்களாம். தலைவர் ஆற்று மணலுக்கு ஏற்பாடு செய்யக் கிளம்பியபோதுதான் தொம்மையின் வாழ்க்கையிலேயே பெரிய யோசனை அவருக்கு உதித்தது.

"மணல் எதுக்கு தலைவரே? மல்லாட்டை கீதே! ஓடு, அதுக்குள்ள காத்து, காத்துக்குள்ள பருப்பு. அதிர்வு உள்ள போனா வெளிய வராது."

கிருஷ்ணசாமி காலிக் குழாயைத் தட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தொம்மையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொம்மை முதல் தரச் சரக்காக, ஆறு சதவீத ஈரத்துக்கு மேல் போகாமல், தானே பொறுக்கிக் காசு கொடுத்து வாங்கி வந்து ஐந்து வீட்டு ஸ்டாண்டையும் நிரப்பினார். கீழே ஒயர் போகிற ஓட்டையில் காய் கொட்டாமல் இருக்கத் துணி அடைத்தார். மினிட்சில் ஏறியது: தீர்மானம் பதினான்கு, இயற்கை முறையில் அதிர்வடக்கம்.

பலன் இரண்டே மாதத்தில் தெரிந்தது. வீணை வாசிப்பவரின் நகம் கம்பியில் உரசும் மிக நுண்ணிய ஒலி, அதற்கு முன் யாரும் கேட்டிராதது, 'கிர்க்... கிர்க்' என்று கேட்க ஆரம்பித்தது. முதலில் தலைவர் வீட்டில். அடுத்த வாரம் சர்புதீன் வீட்டில். மாசக் கடைசிக்குள் ஐந்து வீட்டிலும். மினிட்சில் தொம்மை அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கினார். உயர்துல்லியத்தில் மட்டுமே இந்த நுண்ணொலி கேட்கிறது என்று அடிக்கோடிட்டார். எம்பி3-யைப் போட்டு ஒப்பிடுவதையே எல்லோரும் நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது என்பதை எழுத அவருக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் அவர் மனைவி ரோஸ்லின் வீட்டு நடையில் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். மிஷின் நாலு, பெண்கள் ஆறு பேர். நடையின் அகலம் மூன்றரை அடி. ஒரு சுடிதாருக்குத் துணி விரித்தால் ஒரு முனை சமையலறையில் கிடக்கும், இன்னொரு முனை வாசலில் செருப்போடு கிடக்கும். அது 2013. கரண்ட் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். போகிற நேரத்தில் நடையில் காற்றும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது.

"ஏங்க, அந்த ரூம குடுங்க. பொண்ணுங்க நடையில ஒக்காந்துகினு வேர்த்து ஊத்துதுங்க."

"அது ரூமு இல்ல ரோஸு. லிசனிங் ஸ்பேஸ்."

"சரி, அந்த ஸ்பேச குடுங்க."

"ஒனக்குச் சொன்னா புரியாது. அங்க கேக்கற சத்தம் வேற. கண்ண மூடிகினு கேட்டாலே நான் சொல்லிடுவேன், இது எம்பி3, இது உயர்துல்லியம்னு."

"மூடுங்க," என்றாள் ரோஸ்லின்.

தொம்மைக்கு உடனே விளங்கவில்லை.

"ஒங்க ஆபீஸ்ல சாக்கு யாரோடதுன்னு தெரியாம, வெறும் நம்பர மட்டும் பாத்துதானே தரம் போடறீங்க? பேரு தெரிஞ்சா கை கோணும்னு நீங்கதானே சொல்லிகினு இருப்பீங்க? அதே மாதிரி இங்கயும் போடுங்க. பத்து லாட்டு. எட்டு சரியா சொல்லிட்டா ரூம் ஒங்களுது, இனிமே வாயத் தொறக்க மாட்டேன். கொறைஞ்சா என் மிஷினு உள்ள போவும்."

இதில் மறுக்க ஒன்றும் இருக்கவில்லை. திண்டிவனத்தில் மறைமுக ஏலம் அப்படித்தான் நடக்கும். விவசாயியின் பெயரை ரெஜிஸ்தரில் மறைத்துச் சாக்குக்கு ஒரு லாட் நம்பர் போடுவார்கள். தொம்மை நம்பரைப் பார்த்துத் தரம் போடுவார். வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மச்சான் சாக்கு, மந்திரி சாக்கு எல்லாம் வெறும் நம்பர்தான். அந்த முறையைப் பற்றித் தொம்மை ரயிலில் மூன்று ஸ்டேஷனுக்குப் பேசக்கூடியவர்.

"எட்டு என்ன எட்டு, பத்தும் சொல்றேன்," என்றார்.

அன்றே பாதித் தைரியம் போய்விட்டது. யாரும் இல்லாத நேரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு மவுசைக் குருட்டாம்போக்கில் அழுத்திப் பயிற்சி செய்து பார்த்தார். புதன்கிழமை பத்துக்கு நாலு. வியாழக்கிழமை ஆறு, ஆனால் அன்று எம்பி3-யிலும் நகச் சத்தம் கேட்டது; தப்பான பட்டனை அழுத்திவிட்டோம் என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார். வெள்ளிக்கிழமை மூன்று. வெள்ளிக்கிழமை கரண்ட் சரியில்லை.

ரயிலில் அவருக்குப் பெயர் 'மல்லாட்டை'. கூடத்தில் 'தரம் சார்'. அந்தப் பின்னறையில் மட்டும்தான் டைல்ஸ் கடை முதலாளி ஒருவர் அவரைப் பார்த்து, "செயலாளர் என்ன நெனைக்கறீங்க?" என்று கேட்பார். நாற்பத்தொன்பது வயசில் அவரிடம் யாராவது கருத்துக் கேட்கும் ஒரே நாற்காலி அது. அதில் தையல் மிஷினைத் தூக்கி வைப்பதா?

நம்பர் போட ஆள் வேண்டும். கூடத்தில் லாட் நம்பர் போடுகிற காந்திமதியிடம் கேட்டார்.

"ரெண்டும் ஒரே பாட்டுதானே சார்?"

"ஒரே பாட்டுதான்."

"பாடறவங்களும் ஒரே ஆளு?"

"ஆமா."

"அப்ப எதுக்கு சார் தரம்?"

தொம்மை பிட், கிலோஹெர்ட்ஸ் எல்லாம் எடுத்துச் சொன்னார். காந்திமதி பொறுமையாகக் கேட்டாள். "அதே மல்லாட்டைய பெரிய சாக்குல கட்டறாங்க, அதானே சார்?" என்றாள். அவர் மறுபடி பிட்டிலிருந்து ஆரம்பித்தார். "சரி சார், ரெஜிஸ்தர எடுத்துகினு வர்றேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து வைத்தார்கள். மன்றம் முழுமையாக வந்திருந்தது. செயலாளரின் அறைக்கு ஆபத்து என்றால் மன்றத்துக்கே ஆபத்து என்று தலைவர் அறிவித்துவிட்டார். எல்லோரும் ஆளுக்கொரு சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவதாக ஏற்பாடு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கிருஷ்ணசாமி. பக்கத்தில் சர்புதீன், அவரை அடுத்து ஒரு பல் டாக்டரும் ரயில்வே பார்சல் ஆபீஸ் கிளார்க் ஒருவரும். எல்லோருக்கும் அடுத்த வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி.

"இன்வெர்ட்டர ஆஃப் பண்ணச் சொல்லுங்க," என்றார் கிருஷ்ணசாமி. "அந்த ரீங்காரம் கீழ் ஸ்தாயிய கெடுக்குது."

"அது வேலை செஞ்சு மூணு மாசம் ஆவுதுங்க," என்றாள் ரோஸ்லின் வாசற்படியிலிருந்து. அவளுக்குப் பின்னால் ஆறு பெண்களும் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து நின்றார்கள்.

சர்புதீன் ஒரு வீணைப் பதிவின் அசல் உயர்துல்லியத்தை ஒரு ஃபோல்டரிலும், அதிலிருந்தே அவர் தயாரித்த எம்பி3-யை இன்னொரு ஃபோல்டரிலும் போட்டுக் கொடுத்திருந்தார். குறுக்கே ரோஸ்லினின் பழைய புடவையைக் கட்டி, அதற்குப் பின்னால் கம்ப்யூட்டரோடு காந்திமதி உட்கார்ந்தாள். ஒவ்வொரு லாட்டுக்கும் டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டு எடுப்பாள், சீட்டில் வந்த ஃபோல்டரைப் போடுவாள், ரெஜிஸ்தரில் எழுதுவாள்.

"லாட் ஒண்ணு!"

நாற்பது வியாபாரிகளின் இரைச்சலுக்கு மேல் கேட்டுப் பழகிய குரல். முட்டை அட்டை அதைத் தடுக்கவில்லை.

வீணை ஒலித்தது. தொம்மை கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, காற்று ஓடுகிறதா என்று தேடினார். நன்றாக இருந்தது. வீணை நன்றாகத்தான் இருந்தது. 'உயர்' என்று எழுதினார். லாட் இரண்டும் நன்றாக இருந்தது. அதே அளவுக்கு. அதற்கும் 'உயர்'. மூன்றும் நன்றாக இருந்தது. எல்லாவற்றுக்கும் உயர் போட்டால் அசிங்கம் என்று 'எம்பி3' எழுதினார். ரோஸ்லின் நடையில் நின்றபடி விரலால் அறையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"லாட் நாலு!"

வாசிப்பு மெல்லிசாகத் தேய்ந்த ஓர் இடத்தில் 'கிர்க்' என்றது. கிருஷ்ணசாமியின் ஆள்காட்டி விரல் தானாக உயர்ந்தது. 'கிர்க்... கிர்க்.' பல் டாக்டரின் முகத்தில் அருள் வந்தது போல் ஒரு மலர்ச்சி. நாலு பேனாவும் ஒரே நேரத்தில் சீட்டில் ஓடின. தொம்மையின் பேனாவும் 'உ' போடக் குனிந்தது.

அங்கேதான் நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷமாகக் காந்திமதியின் வாயிலிருந்து "லாட் நாலு" என்று வந்தால் அவருடைய எந்தக் காது திறக்குமோ, அந்தக் காது திறந்துகொண்டது. தரம் சாரின் காது. கலைக் காதைத் தள்ளிவிட்டு அது முன்னால் வந்து உட்கார்ந்தது.

நகமாவது, கம்பியாவது. காய்ந்த காயின் முதுகில் கீறல் விழுகிறது. இப்போது ஓடு பிளக்கிறது. இப்போது பருப்பு உருள்கிறது. ரெண்டு பருப்புக் காய், ஆறு சதவீத ஈரம், வண்டு இல்லை, முதல் தரம். அவரே பொறுக்கி எடுத்த சரக்கு. வலது பக்க ஸ்டாண்டுக்குள் உட்கார்ந்து யாரோ நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீணை நின்றதும் சாப்பாடும் நின்றது, எச்சரிக்கையான ஆள்.

தொம்மை ஓரக்கண்ணால் ஸ்டாண்டைப் பார்த்தார். இப்போதே எழுந்து சொல்லிவிடலாம். ஏலத்துக்கு நடுவே சரக்கில் அயல் பொருள் கண்டால் அன்றைய ஏலமே ரத்து. அதுதான் கூடத்து விதி. ரத்தானால் அறை பிழைக்கும். ஆனால் தீர்மானம் பதினான்கு? நகத்துக்கு எழுதிய இரண்டு பக்கம்? ஐந்து வீட்டு ஸ்டாண்டு? கொண்டுபோய் நிரப்பியது யார்? பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து, ஆறு, ஏழு வரைக்கும் பந்தி நடந்தது. எட்டில் அடங்கியது. தொம்மை எதை எழுதினோம் என்ற நினைவே இல்லாமல் மிச்சத்தை எழுதிப் பெட்டியில் போட்டார்.

காந்திமதி புடவையை விலக்கிக்கொண்டு வந்து, கண்ணாடியை மூக்கில் தள்ளி, கூடத்தில் படிப்பது போலவே படித்தாள். "லாட் நாலு, எம்பி3. லாட் அஞ்சு, எம்பி3. ஆறு மட்டும் உயர். லாட் ஏழு, மறுபடி எம்பி3..."

தலைவருக்குப் பத்துக்கு மூன்று. சர்புதீனுக்கும் பார்சல் கிளார்க்குக்கும் நாலு நாலு. பல் டாக்டருக்கு ஐந்து. தொம்மைக்கு ஐந்து. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் தலைவரை ஜெயித்திருக்கும்.

"நாலு மிஷினும் தாராளமா போடலாம்டி," என்றாள் ரோஸ்லின் பின்னால் திரும்பி.

"ஒரு நிமிஷம்!" கிருஷ்ணசாமி எழுந்தார். கழுத்து சிவந்திருந்தது. "இதுல மோசடி நடந்திருக்குது. நாலுலயும் அஞ்சுலயும் ஏழுலயும் நகச் சத்தம் கேட்டுது. அஞ்சு பேரும் கேட்டோம். எம்பி3-ல அது வரவே வராது. மினிட்ஸ்லயே இருக்குது. இந்தம்மா நம்பர மாத்திப்புட்டாங்க."

காந்திமதி ரெஜிஸ்தரை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இன்னா சார் சொல்றீங்க? பத்தொம்போது வருசமா நம்பர் போடறேன். ஒரு லாட்டு மாறுனதில்ல. தரம் சார கேளுங்க."

"கேக்கறேன். செயலாளரே, நீங்க சொல்லுங்க. நம்பர் மாறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதுவோம். டெஸ்ட் செல்லாது. ரூம் ஒங்களுக்கே. அவ்ளோதானே?"

எல்லோரும் தொம்மையைப் பார்த்தார்கள். ஒரு வரிதான். பேனா கையிலேயே இருந்தது. காந்திமதி, கூடத்தில் மீட்டர் தகராறு வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காந்திமதி நம்பர மாத்தல தலைவரே," என்றார் தொம்மை.

"பின்ன அந்தச் சத்தம்?"

"சத்தம் கேட்டது நெசம்தான். ஆனா அது நகம் இல்ல. பல்லு."

"பல்லா?" என்றார் பல் டாக்டர், தொழில் அக்கறையோடு.

"சர்புதீன் பாய், இப்படி ஒரு கை புடிங்க."

இருவருமாக வலது ஸ்பீக்கரை இறக்கி வைத்தார்கள். தொம்மை ஸ்டாண்டின் மேல் தகட்டைத் திருகிக் கழற்றினார். உள்ளே பாதிக்கு மேல் வெறும் ஓடு. எட்டிப் பார்த்த கிருஷ்ணசாமியின் முகத்துக்கு நேரே, மல்லாட்டை தின்று மல்லாட்டை தின்றே மொழுமொழுவென்று வளர்ந்த ஒரு சுண்டெலி எழும்பியது. கஞ்சி போட்ட சட்டையில் இறங்கி, மினிட்ஸ் புத்தகத்தின் குறுக்கே ஓடி, தீர்மானம் பதினான்கைத் தாண்டி, நடைக்குப் பறந்தது. ஆறு பெண்களும் ஒரே ஸ்வரத்தில் அலறிவிட்டு, அப்புறம் சிரித்த சிரிப்பில் முட்டை அட்டை ஒன்று பெயர்ந்து விழுந்தது. தலைவர் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தார். எப்போது ஏறினார் என்பதை யாரும் பார்க்கவில்லை.

அசையாமல் நின்றவள் காந்திமதி ஒருத்திதான். எலி அவளுக்குக் கூடத்தில் சக ஊழியர் மாதிரி. குழாய்க்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "எடை பாதிகூட தேறாது சார்."

"இதத்தான் நாம..." என்று ஆரம்பித்த பார்சல் கிளார்க் முடிக்கவில்லை. அறையில் ஒரு மௌனம் விழுந்தது. உண்மையிலேயே உயர்துல்லியமான மௌனம். நாலு பேரும் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது நாலு முகத்திலும் தெரிந்தது.

முதலில் கடிகாரத்தைப் பார்த்தவர் பல் டாக்டர். "எனக்கு ஒரு பேஷன்ட் வருவாரு."

"ஞாயித்துக்கெழமையா?" என்றாள் ரோஸ்லின்.

சர்புதீன் அதற்குள் கோட்டக்குப்பத்தில் இருக்கும் வீட்டுக்குப் போன் போட்டிருந்தார். "பெனாசிர், ஸ்பீக்கர் ரூம் கதவ சாத்து. ஜல்தி. தொறக்காத. ஏன்னு வந்து சொல்றேன்." போனை மூடிவிட்டுத் தொம்மையிடம் தாழ்ந்த குரலில், "நம்ம வூட்டுல ரெண்டு மாசமா டீடெயில் ரொம்ப ஜாஸ்தியா இருக்குதுன்னு பெருமைப்பட்டுகினு இருந்தேன் தொம்மை. பேஜாரா பூடுச்சு," என்றார்.

கிருஷ்ணசாமி நாற்காலியிலிருந்து இறங்கினார். போகிறவர் காந்திமதி முன்னால் ஒரு விநாடி நின்று, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே, "தப்பா சொல்லிட்டேன்மா," என்றார். அவர் வாயிலிருந்து எம்பி3 அளவில் வந்த முதல் வாக்கியம் அதுதான்.

பன்னிரண்டு அடித்ததும் கரண்ட் போனது. காந்திமதி மட்டும் கிளம்பாமல் ரெஜிஸ்தரைத் திறந்து நீட்டினாள். "கையெழுத்து சார். தரம் பார்த்தவர்னு கீழ." தொம்மை போட்டார். பக்கத்தில் குறிப்பு என்ற கட்டத்தில் அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள்: அயல் பொருள், எலி ஒன்று.

அடுத்த சனிக்கிழமை தொம்மை வேலையிலிருந்து வந்து கால் கழுவியபோது பின்னறையில் நாலு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. கம்பளி போய் ஜன்னல் திறந்திருந்தது. ஸ்பீக்கர்களைப் பரணில் ஏற்றாமல் சுவரலமாரியில் வைத்திருந்தாள் ரோஸ்லின். அவளுடைய செல்போனிலிருந்து ஏதோ பாட்டு அதில் ஓடியது. எத்தனை பிட் என்று கேட்க தொம்மைக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

"மூணாவது மிஷின்ல பாபின் லூசா இருக்குது," என்றார்.

அந்த மிஷினில் இருந்த பெண் நிறுத்திக் கழற்றிப் பார்த்தாள். "ஆமாங்க்கா, ஆடுது!"

ரோஸ்லின் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வாரமா நூலு அறுந்துகினே இருந்துது. ஏன்னு தெரியாம அந்தப் பொண்ண திட்டிகினு இருந்தேன்." துணி மூட்டை ஒன்றைத் தள்ளிவிட்டு அதன் அடியிலிருந்த நாற்காலியைக் காட்டினாள். அவருடைய அதே நாற்காலி. "ஒக்காருங்க. மத்த மூணும் எப்படி ஓடுதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

உட்காரப் போகும்போது போன் அடித்தது. கிருஷ்ணசாமி.

"தொம்மை, ஒரு யோசனை. நாம பண்ணின தப்பு மல்லாட்டையில. காய் பெரிசு, நடுவுல எடம் ஜாஸ்தி. கேப்பைய நெரப்பினா? மணி சின்னது. அடர்த்தி பாருங்க! தீர்மானம் பதினஞ்சா போட்ருவமா? செயலாளர் என்ன நெனைக்கறீங்க?"

தொம்மை போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"தலைவரே, இப்ப எங்கேர்ந்து பேசறீங்க?"

"லிசனிங் ரூம்லேர்ந்துதான். ஏன்?"

"எத்தன எலி புடிச்சீங்க?"

"ஒண்ணு. புடிச்சு வெளிய வுட்டாச்சு. இப்ப சுத்தம்."

"இன்னும் ரெண்டு இருக்குது. எடது ஸ்டாண்டு," என்றார் தொம்மை. "ஒண்ணு குட்டி."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் முதல் மிஷின் பக்கம் காதைச் சாய்த்தார்.